பாதியில் நின்ற பாட்டு

"வேகம் மட்டும் போதாதுப்பா. பாட்டு ஓடும்போது லேப்டாப் வேற வேலை பார்த்தா திணறும். நெட்டை அணைச்சிடு, அப்டேட்டை நிறுத்திடு," என்று விளக்கினாள் அயர்லாந்தின் கால்வே நகரில் கணினிக் கடை வைத்திருக்கும் டெர்வ்லா.

டீஜே ஃபியாக்ராவுக்கு நிலைகொள்ளவில்லை. "சனிக்கிழமை கல்யாணத்துல என் பழைய லேப்டாப் நடுப்பாட்டுல செத்துப்போச்சு. இனி யார் என்னைக் கூப்பிடுவாங்க?"

போன் அடித்தது. அடுத்த வார மணப்பெண் ஓர்லா. சனிக்கிழமை கல்யாணத்துக்கு அவளும் வந்திருந்தாள்.

"ரத்து பண்ணத்தான் கூப்பிடறா," என்றபடி எடுத்தான்.

"ஃபியாக்ரா, எங்களுக்கு எந்த லேப்டாப் கொண்டு வர்றே?"

"புதுசு. நிக்கவே நிக்காது."

"அது வேண்டாம்பா. அன்னிக்குப் பாட்டு நின்னதும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடுச்சே! வாயே திறக்காத எங்கப்பாகூட நாற்காலி மேல ஏறிப் பாடினார். எனக்கும் அந்தப் பழசையே கொண்டு வா."