ஹெல்மெட்டைக் கழற்றாதவர்

எலக்ட்ரிக் ஸ்கூட்டரை உதியன்குளங்கரை வரை தள்ளிக்கொண்டே வந்ததில் நேசையனுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தப் பக்கம் ஷாலுவின் ஒர்க்‌ஷாப்பை விட்டால் வேறு கிடையாது. ஆனாலும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவள் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

"சார்ஜ் உண்டு, ஓடல்ல. மோட்டாரு போச்சு, மாத்தணும். மனசிலாச்சா?" என்றார் அதிகாரமாக.

"ஹெல்மெட்டைக் கழத்துங்க அண்ணே, மூச்சு முட்டும்."

"எனக்கு ஜலதோஷமாக்கும். நீ வேலையைப் பாரு."

ஷாலு கைப்பிடியிலிருந்த சிவப்பு சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினாள். வண்டி உறுமாமல் கிளம்பத் தயாரானது.

"சுவிட்சு ஆஃபில கிடந்துது. அவ்வளவுதான்."

தலைகுனியப் போன நேசையனின் பார்வை சுவரில் முட்டியது. அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஷாலுவின் மின்வாகனப் பழுதுபார்ப்புச் சான்றிதழ் தொங்கியது. தலைமைப் பயிற்றுநர் என்ற இடத்தில் இருந்தது அவருடைய கையெழுத்தேதான்.

அவசரமாக வண்டியில் ஏறினார்.

"சாரே," என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் ஷாலு. "இந்தச் சுவிட்சை நான் யூடியூபில படிச்சேன். திங்கக்கிழமை எனக்க தங்கச்சி உங்களுக்க கிளாசில சேரப்போறா. அவளுக்காவது சொல்லிக்குடுங்க, மனசிலாச்சா?"