துருவியின் பதில்

ஜெயசீலனும் அவன் மனைவி சுடர்விழியும் வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டு, செவ்வாயைக் காக்கும் காதலர்கள் அகிரன், துருவியின் படக்கதையாக ஜெயசீலனின் செல்பேசியில் இருந்த ஒரு செயலி தினமும் காலையில் வெளியிட்டது. சொந்தமாக ஒரு சொல்கூட அது சேர்க்காது. இவர்கள் சண்டை போட்டால் வாசகர்கள் கூடினார்கள். அதனால் சண்டை ஓயவே இல்லை.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள் சுடர்விழி.

"இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லேன். கதை நல்லா வரும்," என்றான் ஜெயசீலன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை திருநெல்வேலி பஸ் நிலையத்தில் இறங்கியதும் செல்பேசியைத் திறந்தாள். புதிய பகுதி வந்திருந்தது. விண்கலத்தின் கதவை மறித்து நின்றான் அகிரன்.

"தப்பு என் மேலதான். போகாத."

ஜெயசீலனை அழைக்கலாம் என்று சுடர்விழி நினைத்தபோதே அடுத்த படம் விரிந்தது. துருவி பையைக் கீழே வைத்திருந்தாள்.

"சரி, போகல. நீ சாப்டியா?"

"இன்னும் இல்ல," என்றான் அகிரன்.

அழைக்கப்போன விரல் நின்றுவிட்டது. காலி வீட்டில் இரண்டு பேருக்கும் ஜெயசீலன் ஒருவனே பேசியிருக்கிறான்.