நாலு மணி நேரத்துக்குள்

"பகல் ஒரு மணிக்கா கூட்டிட்டு வருவே? இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றி வீசினாள். ஊசி போட்டு, தேங்கின ரத்தத்தை உறிஞ்சி எடுத்தாயிற்று. திரைக்குப் பின்னால், எதிரே நின்ற பெண்ணின் புருஷன் முனகிக்கொண்டிருந்தான். ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலை ஆறு மணிக்கு விறைத்த உறுப்பு இறங்கவே இல்லை. உயிர் போகிற வலி.

"ஆம்பளைங்க இதுக்கு மட்டும் வாயைத் திறக்கவே மாட்டாங்க டாக்டர்," என்றாள் சீனியர் சிஸ்டர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. "வெட்கம்! மூடி மறைச்சே முத்த விட்டுடறாங்க."

டாக்டரம்மாவுக்கு வயிற்றெரிச்சல் வேறு. இதயப் படபடப்புக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இந்த அவஸ்தையை அடக்குமா என்று ஆராய்ச்சி செய்கிறாள். நாலு மணி நேரத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான் கொடுத்துப் பார்க்க முடியும். ஒரு வருஷத்தில் வந்தது இரண்டே பேர். அடுத்த மாதம் ஆராய்ச்சியையே இழுத்து மூடப்போகிறார்கள்.

"உன்கிட்டயாவது உடனே சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார் டாக்டர். எட்டு மணிக்கெல்லாம் இங்க வந்துட்டோம்."

"இங்கயா?"

"பதிவு ஜன்னல்ல அவரே வாய்விட்டுச் சொன்னார். பின்னாடி நின்னவங்க சிரிச்சாங்க. சீட்டைக் கொடுத்து வயித்து டாக்டர் வரிசையில உட்காரச் சொன்னாங்க. ரெண்டு தடவை போய்க் கேட்டேன். கூப்பிடுவோம், போன்னு விரட்டிட்டாங்க. இப்பதான் வயித்து டாக்டர் பார்த்தார். பதறிப்போய் இங்க அனுப்பினார்."

கசங்கிய சீட்டை நீட்டினாள். நேரம்: எட்டு ஐந்து. உபாதை: வயிற்று வலி.

"கல்யாணமாகி ஏழு மாசம்தான் ஆகுது டாக்டர். இனிமே அவருக்கு..."

டாக்டரம்மா சீட்டை வாங்கினாள். சீட்டின் அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"காலையில ஜன்னல்ல நீங்கதானே இருந்தீங்க, சிஸ்டர்?"

சிஸ்டர் முகக்கவசத்தை இறக்கினாள். "ஆமா டாக்டர். ரெண்டு பிள்ளை பெத்தவ நான். அந்த வார்த்தையை எப்படி என் கையால எழுதறது?"

"இதே மாதிரி வேற யாருக்காவது வயித்து வலின்னு எழுதினீங்களா?"

சிஸ்டர் யோசித்தாள். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஒரு கை போதவில்லை.