சத்தம் போடும் மோட்டார்

"மீன் தொட்டிக்கு இந்தப் புது மோட்டார் சத்தமே போடாது சார். விலைதான் கொஞ்சம் கூட."

"வேணாங்க. பழசையே ரிப்பேர் பண்ணிக் குடுங்க," என்றார் தையல்காரர்.

வண்ணமீன் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சரியான கஞ்சன்! ஃபில்டருக்குப் பஞ்சுகூட வாங்கமாட்டார். தலையணைக்கு அடைத்து மிஞ்சியதை வைத்து ஒப்பேற்றுவார். ஆனாலும் அந்தப் பழைய மோட்டார் டிராக்டர் மாதிரி உறுமுமே. வீட்டில் இருப்பவர்கள் பாவம் இல்லையா?

மனசு கேட்கவில்லை. மறுநாள் இரண்டு மோட்டார்களையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்.

"புதுசு என் அன்பளிப்பு சார். காசு வேணாம்."

தையல்காரர் வாயெடுப்பதற்குள் மாட்டியும் விட்டார். தண்ணீரில் குமிழிகள் ஓசையில்லாமல் ஏறின.

தொட்டியருகே நாற்காலியில் இருந்த தையல்காரரின் மனைவி, எங்கோ பார்த்தபடியே கையால் துழாவிக் கண்ணாடியைத் தொட்டாள்.

"மாட்டியாச்சாங்க? என் மீனுங்க இன்னும் வரலையே?"

கடைக்காரர் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார். அறையே அதிர்ந்தது.

"ஐ, வந்துடுச்சுங்க!" என்று அவள் முகமெல்லாம் சிரித்தாள்.