கட்டிலிலிருந்து தெரியும் மீன்

தக்கலையில் அந்தக் கடையின் மாடிச் சுவரெங்கும் டிவிக்கள் ஓடுகின்றன. எல்லாத் திரைகளிலும் ஒரே சிவப்பு மீன் நீந்துகிறது. நீல வெளிச்சம் ரெஜிலாவின் முகத்தில் அலைய, அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நிற்கிறாள். லாரியிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்த அவள் கணவன் ஆன்ஸ்லின் நான்கு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறான். திங்கட்கிழமை முதல் அவள் முந்திரி உடைக்கப் போயாக வேண்டும். பகல் முழுக்க வீட்டில் அவனுக்குத் துணையாக ஒரு சத்தமாவது வேண்டும்.

“பதினெட்டாயிரத்துக்கு வேற எங்கயும் நாப்பத்திமூணு இஞ்சு கிட்டாதுக்கா. இதயே எடுங்க,” என்கிறாள் கடைப்பெண் ஆதிரா. ரெஜிலா பக்கவாட்டில் நகர்ந்து, தலையைத் தோளோடு சாய்த்துப் பார்க்கிறாள். அப்படிப் பார்க்கையில் அந்தப் பெரிய திரையில் மீன் சாம்பலாக வெளுக்கிறது. இன்னும் குனிகிறாள்.

“என்னக்கா செய்யுதிய?”

“அவரு ஒருச்சாய்ச்சுதான் கெடப்பாரு மக்கா. திரும்ப முடியாது.”

அதே விலையில் ஓரத்தில் ஒரு முப்பத்திரண்டு இஞ்சு இருக்கிறது. அதன் பக்கவாட்டில் கட்டில் உயரத்துக்குக் குந்தி, அதேபோல் தலையைச் சாய்க்கிறாள். மீன் சிவப்பாகவே இருக்கிறது. அதற்குள் கைப்பேசி அடிக்கிறது, ஆன்ஸ்லின்தான்.

“டிவி ஒண்ணும் வேண்டாம் ரெஜி. நீ வா.”

அவள் மாடிப்படியைப் பார்க்கிறாள். பிறகு, “இதப் போட்டுத் தா பிள்ளே,” என்று ஆதிராவிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியை அந்த டிவியில் ஒலிக்கும் பாட்டுக்கு அருகே நீட்டுகிறாள்.

“கேக்குதா?”



“கேக்குது,” என்கிறான். “நீ புறப்பட்டியா?”