சவர்க்காரப் பல்

கத்தி வழுக்கியது. மேனுகா குளியல் சவர்க்காரக் கட்டியில் பாதி செதுக்கியிருந்த கடைவாய்ப் பல் மறுபடியும் உடைந்தது.

"பல் டொக்டருக்குப் படிக்கப் போற பிள்ளைக்கு இப்பிடிக் கை நடுங்கலாமே?" எதிரே உட்கார்ந்திருந்த அம்மா வதனி கேட்டாள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையில் பல் செதுக்குவதும் ஒரு பகுதி. வெள்ளவத்தை பிளாட் முழுக்கச் சவர்க்காரத் தூள்.

மேனுகா உடைந்த துண்டுகளைக் கூட்டி ஒதுக்கினாள்.

கை கழுவப் போன வதனி, குளியலறை யன்னலோரம் ஒரு சவர்க்காரப் பல்லைக் கண்டாள். குழியும் மேடுமாக, அச்சொட்டாக நிஜப் பல்.

"இது ஆர் செய்தது? ரியூஷன் சேரோ?"

"நான்தான். நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் செய்தனான்."

"பொய் சொல்லாதை. அப்ப எனக்கு முன்னால மட்டும் ஏன் ஏலாமல் கிடக்கு?"

மேனுகா தயங்கினாள். பிறகு புதுக் கட்டியொன்றை எடுத்து, கத்தியை இடக்கைக்கு மாற்றினாள். இந்த முறை கத்தி வழுக்கவே இல்லை.

சின்ன வயதில் அந்தக் கை பென்சிலைத் தொட்டபோதெல்லாம் வதனி அதில் அடித்திருக்கிறாள்.

பல் முழுசாக வரும்வரை வதனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் இடக்கையில் ஒட்டியிருந்த தூளைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"சோத்தை மட்டும் வலக்கையால சாப்பிடு, என்ன?"