ரெண்டு பேரும் வரணும்

"வாங்கினவங்களும் வரணும், ஓட்டுறவங்களும் வரணும். ரெண்டு பேரும் நேர்ல வந்தாத்தான் நான் வண்டியில கை வைப்பேன்."

சைக்கிள் கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. பேப்பரில் வந்த அறிவிப்பைக் கிழித்து எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்திருந்தார். முன் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் ஃபோர்க் அந்த மாடல் சைக்கிள்களில் திடீரென்று முறிந்துபோகிறதாம். கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டு இலவசமாகப் புதுசு மாட்டித் தருகிறதாம். அதே மாடலைத்தான் இதே கடையில் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ஏம்ப்பா, அது முறிஞ்சா ஆள் தலைகுப்புற விழும்னு போட்டிருக்கான். நீ என்னடான்னா சட்டம் பேசுற! அவ வீட்டுக்கே போய் மாட்டிட்டு வந்துடேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே."

"ஏன் சார் சொல்லக் கூடாது?"

"நாங்க பேசிக்கிறதில்லை."

கல்லாவில் இருந்த கடைக்காரரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ அம்மா போனப்புறம் அந்த வீட்டுல என்னால தனியா இருக்க முடியலை. வித்துட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. 'அம்மா இருந்த வீட்டை விக்க எப்படிப்பா மனசு வந்துச்சு'ன்னு கேட்டா. நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அதோட சரி."

"கூப்பிட்டுப் பேசுங்க சார்."

"எடுக்க மாட்டா."

"பண்ணிப் பார்த்தீங்களா?"

"இல்லை. எடுக்கலைன்னா என்ன பண்றதுன்னு பண்ணலை."

கடைக்காரர் மனம் இரங்குவார் என்று பார்த்தால், மனுஷன் ஒரு டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பாலத்து இறக்கத்துல பிரேக்கே பிடிக்க மாட்டாப்பா அவ!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் கையிலிருந்த பேப்பர்த் துண்டை மடிக்க ஆரம்பித்தார். காலை வேளையில் பாலத்தடி பஸ் ஸ்டாப்பில், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் நிற்கிற ஆளை அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மகள் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். ஒரு நொடி பார்க்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் நடப்பார்.

"பாவம்ங்க, வயசானவர்" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார் கடைக்காரர்.

வேறு வழியில்லை. பெரியவர் போனை எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அது... உன் சைக்கிள்ல ஃபோர்க் சரியில்லையாம்மா. கடைக்கு நீயும் வரணுமாம். ஓட்டிக்கிட்டு வராதே, என்ன? தள்ளிக்கிட்டே வா."

"சரிப்பா."

பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். நல்ல வெயில். முகமெல்லாம் வேர்வை.

கடைக்காரர் வண்டியை உள்ளே கொண்டுபோய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நட்டைக் கழற்றுவார், துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். ஆடி அசைந்து அவர் செய்த வேலையைப் பார்த்து மனைவிக்குத்தான் எரிச்சல் வந்தது. பெரியவர் வண்டிப் பக்கம் திரும்பவேயில்லை.

அப்பாவும் மகளும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மெலிஞ்சுட்டீங்க."

"நீ மட்டும் என்னவாம்?"

கடைக்காரர் இன்னொரு நட்டைத் துடைத்தார்.

"உன்னைக் கேட்டுட்டு வித்திருக்கணும்மா. அந்த வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கம்மா கூப்பிடற மாதிரியே இருந்துச்சு. அதை உன்கிட்ட சொல்லத் தெரியலை."

"எனக்கும் அப்படித்தாம்ப்பா இருந்துச்சு. அதனாலதான் அந்த வீடு வேணும்னேன்."

அவள் நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டார். கல்யாணம் பண்ணிக் கொடுக்கிற வயசுப் பெண்ணுக்கு இப்படியா துடைப்பார்கள் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் துடைத்தார்.

ஒரு வழியாக வேலை முடிந்தது. மகள் சைக்கிளை உருட்ட, அவர் பேசிக்கொண்டே கூட நடந்தார். இரண்டு பேரும் தெருமுனை திரும்பும்வரை கடைக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"கழட்டின பழசு எங்கே? கம்பெனிக்கு அனுப்பணும்ல?" என்று கேட்டாள் மனைவி.

"அது போன வாரமே போயாச்சு. நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ கம்பெனி அனுப்பின மெசேஜைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு தனியா வந்து மாத்திக்கிட்டுப் போயிடுச்சு."

"அப்போ இன்னிக்கு?"

"புதுசையே கழட்டி, புதுசையே மாட்டினேன். ரெண்டு பேரும் வரணும்னு கம்பெனி எங்க சொல்லுச்சு? அந்தப் பொண்ணுதான் சொல்லிட்டுப் போச்சு. 'இது பேப்பர்லயும் வருமாம். பார்த்தா அப்பா ஓடி வருவாருண்ணே. நானாக் கூப்பிட வாய் வரலை. நீங்க எப்படியாவது அவரைக் கூப்பிட வெச்சுடுங்க'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிச்சு."

மனைவிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"அப்புறம் எதுக்குங்க இந்த வெயில்ல அவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டு வந்தா? ஏறி ஓட்டிக்கிட்டு வந்திருக்கலாமே!"

"அவங்க அப்பா தள்ளிக்கிட்டு வரச் சொன்னாருல்ல?"